தொண்ணூற்றாறு புள்ளியில் ஒரு மேடு

புதிதாக எந்தக் கால்குலேட்டர் கைக்கு வந்தாலும் சந்தனமாரி அதற்கு முதலில் வைக்கிற பரீட்சை ‘டேன் எக்ஸ்’. ஒரகடத்துப் பெண்கள் விடுதியில் ஜன்னலோரக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மிஷினை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் கோடு ஊர்ந்து வருவதைக் கண்கொட்டாமல் பார்ப்பாள். டேன் எக்ஸ் ஒரு பொல்லாத கோடு. விறுவிறுவென்று வானத்துக்கு ஏறிக் காணாமல் போகும். அடுத்த கணம் பாதாளத்திலிருந்து கிளம்பி வரும். நடுவில் ஒன்றும் கிடையாது. பழைய மிஷின்களுக்கு இந்தச் சூது தெரியாது. மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, சரி, சேர்த்துவிடுவோம் என்று நட்டுக்குத்தாக ஒரு கோட்டை இழுத்துவிடும். பின்னால் வந்த புத்திசாலிகள் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும்.

“இது பொய் சொல்லுது, அது சொல்லல” என்பாள். பொய் சொன்னதற்காகக் கோபம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் அவளுக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொய்க்காரிதான்.

இவை கிராஃபிங் கால்குலேட்டர்கள். கூட்டிக் கழிப்பதோடு நிற்காமல் திரையில் வரைந்தும் காட்டும். நம் பரீட்சை ஹால்களுக்குள் விடமாட்டார்கள் என்பதால் நம்மில் பலர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டோம். வெளிநாட்டு இன்ஜினியர் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்போது பிள்ளைகள் விட்டுப்போனவை, குன்றத்தூரில் பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கும் கோபால் கடைக்கு எப்படியோ வந்து சேரும். அவர் போன் செய்தால் சந்தனமாரி அந்த வாரம் சினிமாவுக்குப் போகமாட்டாள்.

கட்டிலுக்கடியில் தகரப்பெட்டியில் நாலு மிஷின் இருக்கிறது. மூத்தது டிஐ-81, தொண்ணூறில் வந்த மாடல். இவளைவிட வயதில் பெரியது. அடுத்தது எண்பத்து மூன்று பிளஸ். பாட்டரி செத்தாலும் மறக்காத ஞாபகசக்தி அதற்கு உண்டு, இன்னொரு மிஷினோடு வயர் போட்டுப் பேசவும் தெரியும். இரண்டாயிரத்து நான்கில் வந்த எண்பத்து நான்கு பிளஸ்ஸில் யுஎஸ்பியும் கடிகாரமும் சேர்ந்தன. கடைக்குட்டி கேசியோவுக்குக் கலர் திரை. அகலத்தில் மட்டும் முந்நூற்று எண்பத்து நான்கு புள்ளி. மூத்த மூன்றுக்கும் தொண்ணூற்றாறுதான்.

“பதினாலு வருசத்துல உள்ள இருக்க அம்புட்டையும் மாத்திப்புட்டான். ஜன்னல மட்டும் அதே அளவுல வச்சிருக்கான் பாத்தீங்களா? ஏன் அப்படி?” இதை அறைத் தோழிகளிடம் கேட்பாள். தூங்க வேண்டும், விளக்கை அணை என்று அவர்கள் சொல்வார்கள்.

கேள்வி கேட்பது அவளுக்கு ஒரு வியாதி மாதிரி. விடுதிச் சாம்பார் திங்கட்கிழமை தண்ணீராகவும் வியாழக்கிழமை கெட்டியாகவும் இருப்பதேன் என்று சமையல்காரம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். குறை சொல்லவில்லை, காரணம்தான் கேட்டேன் என்றாள். அதற்கு இன்னும் கொஞ்சம் கிடைத்தது.

ஊர் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு, வண்டி உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டியில் இருக்கிறாள். எந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் ஷாஃப்டை எடுத்துத் துடைத்து, மைக்ரோமீட்டரில் கனம் பார்க்க வேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவளுக்கு அளப்பதே சம்பளம். வெட்டும் முனை தேயத் தேய ஷாஃப்ட் மயிரிழை மயிரிழையாகத் தடிக்கும். எவ்வளவு தடித்தால் முனையை மாற்றுவது என்று கம்பெனி ஒரு கோடு கிழித்திருக்கிறது. அதைத் தொடும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல, அளவுகளைக் கால்குலேட்டரில் ஏற்றிப் புள்ளி வைத்துப் பார்ப்பாள்.

“என்ன மாரி, கிளி சீட்டு எடுத்துருச்சா?” என்று எந்திரம் ஓட்டும் வேல்ராஜ் கேட்பான்.

“எடுத்துருச்சு. டீக்கு முன்ன உன் முனை போயிரும்.”

பெரும்பாலும் போய்விடும்.

போனுக்குத் தடையுள்ள கம்பெனி அது. கேமரா, பென் டிரைவ், எதுவும் உள்ளே வரக்கூடாது. பெண்கள் வாசலில் சோதனை போடுகிறவர் ஞானம்மா, மணிமங்கலத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், நீலச் சட்டைக்கு மேலே சிலுவைச் சங்கிலி. சந்தனமாரியின் நாலு மிஷின்களையும் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். கலர் கேசியோவைத் தொடவே இல்லை. “இன்னாமா, போனை எடுத்தாந்துட்டு கணக்குன்ற?” எண்பத்து நான்கின் யுஎஸ்பி துளையில் நகத்தை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். எண்பத்து மூன்றின் துளையைக் காட்டி, “பாட்டு கேக்கறதுக்கா இது?” என்றார். கடைசியில் எண்பத்தொன்றைத் தலைகீழாகத் திருப்பி, நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, “ஓட்டையே இல்ல. போ” என்றார்.

முப்பது வருஷ முன்னேற்றமும் இப்படி வாசலில் நின்றுவிட்டது. மாடல் வளர வளர ஓட்டை கூடுகிறது, ஓட்டை கூடக் கூடக் கம்பெனிக்குள் இடமில்லை. யாரோடும் பேசத் தெரியாத, தொண்ணூற்றாறு புள்ளி அகலமுள்ள, பொய்க்கோடு இழுக்கிற மூத்தவள்தான் தினமும் உள்ளே போய் வந்தாள்.

அந்தத் தொண்ணூற்றாறு புள்ளிக்குள்தான் சந்தனமாரி மேட்டைக் கண்டாள். இந்தக் கோடை தொடங்கியதிலிருந்து ஷாஃப்டின் கனம் ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்து, ஷிஃப்டின் நடுவில் திடீரென்று ஒரு துள்ளு துள்ளி, கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கி, பழைய பாதையில் சேர்ந்துகொண்டது. தினமும் அப்படி. கம்பெனி அனுமதிக்கும் அளவுக்குள்தான் இருந்தது, ஒரு ஷாஃப்ட்கூடக் கழிவாகவில்லை. சூபர்வைசர் பார்த்துவிட்டு, ஓகேதானே என்று போய்விட்டார். சந்தனமாரியால் போக முடியவில்லை. வேல்ராஜ் டீ குடித்துவிட்டு வந்து ஏதாவது திருகுகிறானா என்று கூடவே நின்று பார்த்தாள். கரண்டைச் சந்தேகப்பட்டாள். தன் கையையே சந்தேகப்பட்டு மைக்ரோமீட்டரை மாற்றிப் பார்த்தாள். மேடு அசையவில்லை.

“புள்ளிதான் நெசம். கோடு நாம இழுக்கது” என்பது அவள் கொள்கை. ஒரு நாள் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு காரணம் சொல்லக்கூடாது. பல நாள் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேடு என்றைக்கு முந்தியது, என்றைக்குப் பிந்தியது என்று பார்த்தால்தான் பிடிபடும். ஆகவே அளவுகளை மிஷினிலேயே வைத்துக்கொண்டு, விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியின் அளவுகளை வெளியே கொண்டுபோகிறோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

தவளை தன் வாயால் கெடும். புதிதாக வந்த செக்யூரிட்டி ஆபீசர் ஒருநாள் வாசலில் நின்று, அவள் கையிலிருந்ததைப் பார்த்து, “இதுல என்னம்மா, கம்பெனி ரகசியமா?” என்று விளையாட்டாகத்தான் கேட்டார். வேறு யாராக இருந்தாலும், வெறும் கால்குலேட்டர் சார் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். சந்தனமாரிக்கு ஒருவர் மிஷினைப் பற்றிக் கேட்டதே சந்தோஷம்.

“ஆமா சார், அஞ்சு நாள் ரீடிங் இருக்கு. ரெண்டாயிரத்து நானூறு பைட்டுதான் சார், புரோகிராம் போக அவ்வளவுதான் கொள்ளும். எம்பத்து மூணு பிளஸ்ஸுன்னா ஒரு வருசத்துக்கே வைக்கலாம்.”

ஆபீசரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. மறுநாளிலிருந்து உத்தரவு வந்தது. மிஷின் உள்ளே போகலாம். வெளியே வரும்போது அதில் என்ன இருக்கிறது என்று காவலரிடம் காட்ட வேண்டும், பிறகு அவர் கண்ணெதிரே முழுவதையும் அழிக்க வேண்டும். சொந்தச் சாமானை இரவு உள்ளே வைக்கவும் கூடாது, கம்பெனி முத்திரையில்லாத காகிதத்தில் அளவுகளைக் குறிக்கவும் கூடாது. ஆபீசர்மேல் தப்பில்லை என்று சந்தனமாரியே சொல்வாள். ஆனால் முதல் நாள் அழித்துவிட்டு, பஸ்ஸில் காலித் திரையையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள். வேலை ஒன்றும் போய்விடவில்லை, மேட்டுக்குக் காரணம் தெரியாமலே போய்விடுமே என்பதுதான் வருத்தம். இப்படியும் ஒரு வருத்தம் உண்டா என்று கேட்காதீர்கள், அவளுக்கு உண்டு.

“வுடு மாரி, அத்த ஊட்லயே வெச்சிட்டு வாயேன்” என்றார் ஞானம்மா. “இன்னாத்துக்கு டெய்லி அழிச்சி அழிச்சி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு போற?”

“கொண்டு வரலன்னா இன்னைக்கு மேடு வந்துச்சா இல்லையான்னே தெரியாதேக்கா.”

காலை பஸ்ஸில் புரோகிராமை மறுபடி முதலிலிருந்து அடித்து ஏற்றுவாள். தினமும் அடிப்பதால் அது நாளுக்கு நாள் சுருங்கியது. தேவையில்லாத வரிகளைக் கை தானாகவே விட்டுவிடும். மாலையில் வாசலில் வரிசை நிற்க, அன்றைய படத்தை வரையவிட்டு ஞானம்மாவிடம் நீட்டுவாள். எண்பத்தொன்று ஒன்றும் மின்னல் வேகத்தில் வரையாது. இடமிருந்து வலமாகப் புள்ளி புள்ளியாக நடந்து வரும். ஞானம்மா முதலில் சலித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். முடிந்ததும் “உம், அழி” என்பார். சந்தனமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அமுக்குவாள். அவள் சட்டைப்பையில், எந்திரச் சத்தத்துக்குக் கம்பெனி தந்த காதடைப்பு இரண்டும் அதன் நூலோடு தொங்கிக்கொண்டிருக்கும். இப்படியே வாரங்கள் போயின. அழிந்துபோன படங்களை அவளைத் தவிரத் தினமும் பார்த்த ஒரே ஆள் ஞானம்மாதான். அது இருவருக்குமே தோன்றவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை படம் வரைந்து முடிந்தது. ஞானம்மா ‘அழி’ என்று சொல்லவில்லை. மிஷினைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“இன்னிக்கு இன்னா மாரி, நடுவால எகிறிக்கினு ஒண்ணு நிக்குமே, காணோம்?”

“ஆமாக்கா. இன்னைக்கு வரல. டீ முடிஞ்சதுல இருந்து அதத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்.”

“தண்ணி லாரியும் வர்ல, உன் மேடும் வர்ல” என்று ஞானம்மா சிரித்தார். “ரெண்டும் சேந்து லீவ் போட்டுச்சிங்க போல.”

பின்னாலிருந்த பெண் சந்தனமாரியின் தோளைத் தட்டினாள். அவள் நகரவில்லை.

“லாரி எப்பக்கா வரும்?”

“டீ முடிஞ்சி கொஞ்ச நேரத்துல வரும். நான்தான கேட்ட தொறக்கறேன்.”

“பிந்தி வந்த நாள் இருக்கா?”

“இருக்குதே. அன்னிக்கு ரோட்ல கண்டெய்னர் சாஞ்சிதுன்னு மத்தியானத்துக்கு மேலதான் வந்தான். உன்துலயும் அன்னிக்கு மேடு அந்தாண்ட தள்ளி இருந்திச்சே. நீ பாக்கலியா?”

பார்த்தவள்தான். பார்த்த கையோடு அழித்தவள். கோடையில் போர் வற்றியதால், வெட்டும் முனையைக் குளிர்விக்க எந்திரத்தில் ஓடும் கூலன்ட் தண்ணீரின் தொட்டியை இப்போது நிரப்புவது அந்த லாரித் தண்ணீர். காலையெல்லாம் வெயிலில் காய்ந்து, தொட்டால் கை சுடுகிற தண்ணீர். அது ஓடும்போது ஷாஃப்டும் வழக்கத்தைவிடச் சூடாகத்தான் வெளியே வரும். சூட்டில் இரும்பு விரிந்திருக்கும், தொட்டி ஆறியதும் அடங்கிவிடும். அவள் அதை அப்படியே அளந்துகொண்டிருந்திருக்கிறாள். இதெல்லாம் இன்னும் புள்ளிதான், கோடு இழுக்கக் கூடாது. லாரித் தண்ணீர் விழாத இன்றைக்குத் தொட்டி எவ்வளவு சூடு என்று தெரிந்தால்தான் லாரி வரும் நாளோடு ஒப்பிடலாம். இரண்டாம் ஷிஃப்ட்டுக்காரர்கள் எந்திரத்தை ஓட்டத் தொடங்கியிருப்பார்கள். இப்போதே பார்க்க வேண்டும்.

“யக்கா, இத வச்சிருங்க” என்று சொல்லி, மூத்தவளை ஞானம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஏய், அழிக்கலியே! மாரி! பஸ் எடுத்துருவான்டி!”

பஸ் இரண்டாம் முறை ஹார்ன் அடித்தபோது, சந்தனமாரி உள்ளே போகிற வாசலில் நின்று காதடைப்பை மறுபடி காதுகளில் செருகிக்கொண்டிருந்தாள்.