விசேஷம் சொல்லாத மொய்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஈப்போவில் ரயில் ஏறினேன். ரவாங் வரை கட்டணம் முப்பத்திரண்டு வெள்ளி; ரிங்கிட்டுக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர். பையில் ஒரு டார்ச் விளக்கும் கொசு மருந்தும் இருந்தன. கோல சிலாங்கூர் மின்மினிகளைப் பற்றி எழுதித் தரும்படி பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். அங்கே போகும் எழுத்தாளர்கள் எல்லோரும் மின்மினிகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்; மின்மினிகள்தான் எதையும் படித்ததாகத் தெரியவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரையில் மின்மினி கிடையாது. ஆசிரியருக்கும் இதைப் படிக்கும்போதுதான் தெரியப்போகிறது.

ரவாங் நிலையத்தில் வாடகைக் கார் ஓட்டி வந்தவர் பெயர் ரவி. நாற்பது வயது இருக்கும். வெளுத்துப்போன மஞ்சள் ஜெர்சி போட்டிருந்தார். நெஞ்சில் விளம்பரம் கொடுத்த டயர் கடையின் பெயர் சலவையில் கரைந்து, ‘டய’ மட்டும் மிஞ்சியிருந்தது. கோல சிலாங்கூருக்குச் செயலி காட்டிய கட்டணம் ஐம்பத்தெட்டு வெள்ளி.

“பசியாறிட்டீங்களா சார்?” என்றார் முதலில். இந்த நாட்டில் காலைச் சாப்பாட்டை இப்படித்தான் கேட்போம். அது நண்பகலுக்கும் செல்லும். பிறகு, “மின்மினி ராத்திரிலதானே சார் தெரியும்? அது வரைக்கும் என்ன செய்யப் போறீங்க?”

ஈப்போவிலிருந்து வந்த களைப்பு, ஓட்டலில் கொஞ்சம் படுத்திருக்கலாம் என்றேன்.

“படுக்கறதுக்கு ஈப்போவே போதும்லா. ஒன்பதாங்கட்டைக்கு வாங்க. நான் பொறந்த தோட்டம். சாயங்காலம் மேட்ச் இருக்கு, அப்புறம் மொய் விருந்து. ஆட்டுக்கறி.”

ஆட்டுக்கறி என்ற சொல்லுக்கு முன்னால் என்னுடைய இலக்கியக் கடமைகள் எப்போதும் நின்றதில்லை.

பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டியதும் இருபக்கமும் செம்பனை. ஒன்பதாங்கட்டை என்பது ஒன்பதாவது மைல்கல் இருந்த இடம். மைல் போய்க் கிலோமீட்டர் வந்துவிட்டது, கல்லையும் காணோம். ஊர் மட்டும் இன்னும் மைலிலேயே இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயங்களில் இரண்டு வரிசைதான் மிச்சம். பாதிப் பேர் ரவாங்குக்கும் புக்கிட் பெருந்துங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய் அங்கேயே வீடு வாங்கிவிட்டார்கள். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் திரும்பி வருகிறார்கள்.

“உங்கள் காற்பந்துக் குழுவுக்குச் சந்தா எவ்வளவு?” என்று ரவியிடம் கேட்டேன்.

“சந்தா கிடையாது சார். மொய்தான்.”

“நன்கொடை என்று சொல்லுங்கள்.”

“நன்கொடை வேற, மொய் வேற. நன்கொடை குடுத்தா ரசீது வரும். மொய் குடுத்தா ஆள் வரும்.”

மீதியை அவர் விளக்கினார். வருடத்தில் ஒருநாள் விருந்து. மொய் வைப்பவரின் ஊர், பெயர், தொகை, அவர் வீட்டில் அடுத்து வரப்போகும் விசேஷம் ஆகிய நான்கையும் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை எதுவானாலும் அன்றைக்கு மொத்த ஆட்டக்காரர்களும் வந்து நிற்பார்கள். பந்தல் கட்டுவது, கார் நிறுத்த இடம் காட்டுவது, பரிமாறுவது, இலை எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அப்படிச் செய்து முடித்தால் மொய் திரும்பிவிட்டது என்று கணக்கு. துக்க வீடாக இருந்தால் பாடையும் தூக்குவார்கள்.

“என் தங்கச்சி கல்யாணத்துல கோல்கீப்பர்தான் பாயாசம் ஊத்துனாரு. ஒரு சொட்டு சிந்தல” என்றார் ரவி. கொஞ்ச தூரம் போனபின், “பந்தைத்தான் விட்டுருவாரு” என்றார்.

இரண்டு மணிக்குத் திடலுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் புஷ்பா அக்காவைச் சந்தித்தேன். ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். குழுவின் பொருளாளராகப் பதினெட்டு வருடமாக இருக்கிறார். அன்று சமையலுக்கும் அவர்தான் தலைமை.

“பொருளாளர் யாருன்னு கூட்டத்துல கேட்டாங்க. அந்த நேரம் பாத்து நான் கொசு அடிக்கக் கையத் தூக்குனேன்” என்றார். “அதோட சரி.”

நான் எழுதுகிறவன் என்று ரவி சொல்லிவைத்திருந்ததால், வெங்காயம் உரித்துக்கொண்டே நிலைமையைச் சொன்னார். மாவட்ட லீக் கட்டணம், பேருந்து, ஆட்டக்காரர்களுக்குக் காப்புறுதி எல்லாம் சேர்த்துத் திங்கட்கிழமைக்குள் ஐயாயிரம் வெள்ளி வேண்டும். போன வருட மொய் இரண்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

“பழைய ஆளுங்களுக்கு மனசில்லாம இல்ல சார். அவங்க வீட்டுல விசேஷம் தீந்து போச்சு. பிள்ளைங்க எல்லாத்துக்கும் கட்டிக்குடுத்தாச்சு, பேரனுக்குக் காது குத்தியாச்சு. இனிமே என்னத்தச் சொல்லி மொய் வைப்பாங்க? இன்னிக்கு ஐயாயிரம் சேரலன்னா குழுவ மூடிரலாம்னு கமிட்டி முடிவு. லீக்குல ஆடலன்னா பையனுங்க வேற டீமுக்குப் போயிருவானுங்க. அப்புறம் எதுக்கு ஒரு குழு, இலை எடுக்கவா?”

காற்பந்துச் சங்கங்களின் பொருளாதாரம் பற்றி நான் கனமான புத்தகங்கள் படித்திருக்கிறேன். ரசிகர்களின் வீட்டில் விசேஷம் தீர்ந்துபோவதை அவற்றில் ஒன்றுகூடக் கணக்கில் எடுக்கவில்லை.

நான்கு மணிக்குப் புஞ்சாக் ஆலாமிலிருந்து ஐந்து கார்கள் வந்தன. பளிச்சென்ற மஞ்சள் ஜெர்சியில் பதினாறு இளைஞர்கள், ஒரு மேளம், ஒரு பதாகை. இவர்கள் புது ரசிகர்கள். நான்கு மாதத்துக்கு முன்பு கோல்கீப்பர் ஒரு பெனால்டியை மூக்கால் தடுத்துவிட்டு, கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடித் தரையில் தவழ்ந்த காட்சியை யாரோ கைப்பேசியில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து வந்தவர்கள். ஜெர்சி ஒன்று அறுபத்தைந்து வெள்ளி. பழைய ரசிகர்கள் யாரும் அதை வாங்கியதில்லை. போன தடவை அச்சடித்த ஜெர்சியே இன்னும் கிழியவில்லையாம்.

அவர்களுக்குத் தலைவி யாஷினி. இருபத்தேழு வயது, சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்காளர்.

“நீங்க எந்த டீம் அங்கிள்?”

இங்கிலாந்தில் ஒரு சங்கம் என்றேன். முப்பது வருடமாக. தொலைக்காட்சிச் சந்தா மட்டும் என் மின்சாரக் கட்டணத்தைவிட அதிகம்.

“அங்க போய் மேட்ச் பாத்திருக்கீங்களா?”

“இல்லை.”

“உங்களுக்கு அங்க யாரையாச்சும் தெரியுமா?”

“இல்லை.”

“ஓ,” என்றாள், என் மனம் நோகாத குரலில். “ஆனா லாயல் லா.”

ஆட்டம் நான்கரைக்குத் தொடங்கியது. எதிரணி புக்கிட் பெருந்துங். பழையவர்கள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் ரம்புத்தான் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தொண்ணூறு நிமிடமும் தங்கள் அணியைத் திட்டினார்கள். எதிரணியை ஒரு சொல் சொல்லவில்லை. அவர்கள் பிறர் வீட்டுப் பிள்ளைகள். எதிர்ப்பக்கத்தில் புதியவர்கள் மேளம் அடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முன்கள ஆட்டக்காரன் ஆளில்லாத கோலுக்கு வெளியே அடித்தபோதும் கைதட்டினார்கள்.

“தப்பா அடிச்சவனுக்குக் கைதட்டுதுங்க” என்றார் நாற்காலியில் இருந்த ஒருவர். “பையன் கெட்டுப்போயிருவான்.”

‘எங்கள்’ என்று எழுதியிருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். வந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்றுக்கு மூன்று என்று தோற்றோம்.

ஆறரைக்குப் பந்தி. ஆட்டக்காரர்கள் குளித்துவிட்டு வந்து அவர்களே பரிமாறினார்கள். மூன்று கோல் வாங்கிய கோல்கீப்பர் என் இலையில் ஒரு பருக்கைகூட வெளியே விழாமல் சோறு வைத்தார். திடலில் பார்த்த அதே கைகள்தானா என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.

பிறகு ஒலிபெருக்கி. “ரவாங், சுப்பிரமணியம், நூறு வெள்ளி, பேத்திக்கு முதல் பிறந்தநாள்.” “புக்கிட் பெருந்துங், லெட்சுமி, ஐம்பது வெள்ளி, மகனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க.” ரவியின் முறை வந்தது. “ரவாங், ரவி, இருநூறு வெள்ளி, வீட்டுக்கு மேக்கூரை மாத்துறாங்க.” மேற்கூரை விசேஷம் ஆகுமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஒழுகாமல் இருந்தால் விசேஷம்தான் என்று ரவி சொன்னார்.

பழையவர்கள் முடித்தபோது இரண்டாயிரத்து நூறு. புஷ்பா அக்கா பணத்தை இரண்டாம் முறை எண்ணவில்லை. எண்ணினால் கூடிவிடாது என்பது அவருக்குத் தெரியும்.

அப்போது யாஷினி எழுந்து வந்து ஓர் உறையை மேசையில் வைத்தாள். அறிவிப்பாளர் வாசித்தார்: “புஞ்சாக் ஆலாம் நண்பர்கள், மூவாயிரம் வெள்ளி.” அங்கே நிறுத்தினார். நான்காவது இடம் காலியாக இருந்தது.

“விசேஷம் என்னாம்மா?” என்றார் புஷ்பா அக்கா.

“விசேஷம் ஒன்னும் இல்ல ஆன்ட்டி. ஜஸ்ட் சப்போர்ட் பண்றோம்.”

புஷ்பா அக்கா உறையை அவள் பக்கமே தள்ளிவிட்டார்.

குழுவைக் காப்பாற்ற இன்னும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் தேவை. மூவாயிரம் கண்ணெதிரே கிடக்கிறது. அதைத் தள்ளிவிடும் பொருளாளரை நான் அதுவரை பார்த்ததில்லை. பைத்தியக்காரத்தனம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

யாஷினியின் முகம் சிவந்துவிட்டது. “எங்க காசு, எங்க டுயிட் மட்டும் வேணாமா? புதுசா வந்தவங்கன்னா?”

“புதுசு பழசு பேச்சே இல்லம்மா. இத வாங்கிட்டு உனக்கு ஒன்னும் செய்யலன்னா நாங்க ஏமாத்துக்காரங்க. செய்யவே வேணாம்னு நீ சொன்னா நாங்க பிச்சைக்காரங்க. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு.”

யாஷினி நண்பர்களைத் திரும்பிப் பார்த்தாள். பதினாறு பேரில் ஒருவருக்கும் கல்யாணம் இல்லை, வீடு இல்லை. காதுகூட அவர்களாகவே கடையில் குத்திக்கொண்டது. மேளக்காரன் மட்டும் எழுந்து, அடுத்த மாதம் வேறு வாடகை வீட்டுக்கு மாறுவதாகவும், துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று இருப்பதாகவும் சொன்னான்.

“அப்படிச் சொல்லு” என்றார் புஷ்பா அக்கா. “அது ஒருத்தன் கணக்கு. உனக்கு?”

யாஷினி உறையின் ஓரத்தை விரலால் மடித்தாள். பிறகு சன்னமாகச் சொன்னாள்: “எங்கம்மாவுக்கு நடக்க முடியாது ஆன்ட்டி. வீல்சேர்தான். நாங்க நாலாவது மாடி. ஆஸ்பத்திரி போற நாள்ல லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னா நானும் செக்யூரிட்டி கார்டும் சேந்து தூக்குவோம். கார்டு இல்லன்னா போக மாட்டோம். அது விசேஷம் இல்லதானே?”

பக்கத்தில் சாம்பார் வாளியோடு நின்ற கோல்கீப்பர், “அம்மா எத்தனை கிலோ?” என்று கேட்டார்.

“ஏண்டா, அரிசி மூட்டையா?” புஷ்பா அக்காவின் கை அவர் தோளில் விழுந்தது.

“இல்லக்கா. ரெண்டு பேரா, நாலு பேரான்னு தெரியணும்ல. நானும் நம்ம ரைட் பேக் பையனும் புஞ்சாக் ஆலாம்லதான் இருக்கோம், பத்து நிமிசம்.” பிறகு யாஷினியிடம், “நம்பர் குடுங்க. கெட்டுப்போனா கூப்பிடுங்க” என்றார்.

“இதச் சொல்ல இவ்வளவு நேரமா உனக்கு?” என்றபடி புஷ்பா அக்கா உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அறிவிப்பாளர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசித்தார்: “புஞ்சாக் ஆலாம் நண்பர்கள், மூவாயிரம் வெள்ளி. ஒரு வீடு மாத்துறது. யாஷினி அம்மாவுக்கு, லிஃப்ட் கெட்டுப்போற அன்னிக்கெல்லாம்.”

நாற்காலிக்காரர்கள் கைதட்டினார்கள். அன்று அவர்கள் கைதட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

எட்டு மணிக்கு ரவி காரை எடுக்கப் போனார். நான் கிளம்புமுன் நூறு வெள்ளியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். மேசைக்குப் போகும் அந்தச் சில அடிகளில் ஒரு கணக்குப் போட்டேன். முப்பது வருடத்தில் இங்கிலாந்துச் சங்கத்துக்கு நான் கொடுத்ததைக் கூட்டினால் ஒரு சின்னக் கார் வாங்கியிருக்கலாம். என் மகள் கல்யாணத்தில் இலை எடுக்க அங்கிருந்து யாரும் வரவில்லை. வரவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. தோன்றாமல் போனதுதான் இப்போது விசித்திரமாக இருந்தது.

“விசேஷம்?” என்றார் புஷ்பா அக்கா.

என் வீட்டிலும் சரக்குத் தீர்ந்திருந்தது. மகளுக்கு முடிந்துவிட்டது; மகன் கல்யாணமே வேண்டாம் என்கிறான். “மிச்சம் இருப்பது என்னுடைய இறுதி ஊர்வலம்தான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “அதுக்கு மொய் வேணாம், சொல்லிவிட்டாப் போதும், வந்துருவோம். நாள் தெரிஞ்சதாச் சொல்லுங்க.”

நன்றாக யோசித்துவிட்டு, அறுபதாம் கல்யாணம் இருக்கிறது, ஆனால் அதற்கு இன்னும் ஆறு வருடம் ஆகும் என்றேன்.

“ஆறு வருசமா?” நோட்டை வாங்கி மடித்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். “அப்ப அது வரைக்கும் குழுவ மூட முடியாது” என்று சொல்லிவிட்டு, வாசிக்கச் சொல்வதற்காக அறிவிப்பாளரைத் தேடிப் போனார்.