உன் லேப்டாப்பே போதுமே

ஈப்போவில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். கட்டப்போகும் வீடுகளுக்குள் நாமே நடந்து போவதுபோல் வீடியோ செய்வதும் என் வேலையாக இருந்தது. வெளிச்சம் எங்கே விழும், நிழல் எப்படிச் சாயும் என்று ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டாக வேண்டும். அலுவலகத்தில் எனக்குக் கொடுத்திருந்த மெஷின் அந்தக் கணக்கின் பாதியிலேயே உறைந்துவிடும். புதியது கேட்கும்போதெல்லாம் பாஸ், "பார்க்கலாம்லா" என்பார்.

கோலாலம்பூரிலிருந்து பாஸின் மனைவிக்குச் சொந்தக்காரர் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாளே அவர் மேசையில் புது லேப்டாப் இருந்தது. பெட்டியைக்கூட இன்னும் தூக்கிப் போடவில்லை. பாஸிடம் போய் நின்றேன்.

"அவரு கிளையண்டைப் பார்க்கிறவரு. நல்ல மெஷின் இல்லாட்டி மரியாதையா இருக்காது. உனக்கு அடுத்த புரொஜெக்ட்ல பார்ப்போம்."

வேறு வழியில்லாமல் என் சொந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். குனோங் ராபாட்டில் என் வீட்டுக்குப் பின் வரிசையில் இருந்த ஒருவரிடம் பழையதாக வாங்கியது. கேம் விளையாடுவதற்காக அவர் வைத்திருந்த செங்கல் கனத்து மெஷின். வேகத்தைக் கூட்டிக்கொள்ள அனுமதிக்கும் பிராசசர் அதில் இருந்தது. வாங்கும்போது அது எனக்குத் தெரியாது.

அப்போது வந்த புரொஜெக்ட், ஈப்போவுக்கு வடக்கே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் கட்டப்போகும் வீடமைப்புத் திட்டம். நான் பிறந்த தோட்டம் அது. அம்மா அங்கே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். இதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் வரும் நாளைத் திடீரென்று முன்னால் தள்ளிவிட்டார்கள். என் லேப்டாப் போகிற வேகத்தில் வீடியோ அதற்குள் முடியாது.

காம்பாரில் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் லேப்பில் வேலை செய்யும் அக்கா ஒருவர் உண்டு. பள்ளிக்கூடத்தில் எனக்கு மூத்தவர். பிராசசரின் வேகத்தைக் கூட்டி ஓவர்க்ளோக் செய்யலாமா என்று அவரைக் கேட்டேன். "செய்யலாம். தனியா செய்யாதே, நான் வாரேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஃபைல் எல்லாம் காப்பி எடுத்தியா?"

"எடுத்துட்டேன் அக்கா."

"சரி. முதல்ல இப்ப எவ்ளோ சூடாகுதுன்னு பார்ப்போம். அது தெரியாம ஒன்னும் தொடக்கூடாது."

சூடு காட்டும் புரோகிராமை ஓடவிட்டோம். வேகத்தைக் கூட்டுவதற்கு முன்பே மெஷின் கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்து, பின்மூடியைத் திறந்தோம். விசிறி இருந்த இடத்தில் தூசி, தலையணைப் பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பிராசசர் மேல் சூட்டைக் கடத்தத் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகிப் பொரிந்து போயிருந்தது. ஸ்பிரிட்டில் துடைத்துப் புதுப் பேஸ்ட்டை ஒரு பட்டாணி அளவு வைத்தேன். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே திரும்ப மாட்டினேன்.

மறுபடி ஓடவிட்டபோது சூடு நன்றாக இறங்கியிருந்தது.

"பார்த்தியா, இதுலயே பாதி வேலை முடிஞ்சிருச்சு" என்றார் அக்கா. "இனி ஒரு படி ஏத்து. ஒன்னே ஒன்னுதான். வோல்டேஜ் பக்கமே போகாதே. அதைக் கூட்டுனா சிப்பு போயிரும்."

ஒரு படி ஏற்றினேன். பிராசசரை முழுமூச்சாக வேலை வாங்கும் சோதனையை ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாங்கியது. இன்னொரு படி. அதுவும் தாங்கியது. எனக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்தடுத்து ஏற்றிக்கொண்டே போனதில் திடீரென்று திரை முழுக்க நீலமாகி மெஷின் நின்றுவிட்டது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"பயப்படாதே. நிரந்தரமா சேவ் பண்ணல இல்ல? தானா பழைய வேகத்துக்கு வந்திரும்."

வந்தது. தாங்கிய இடத்திலிருந்தும் ஒரு படி கீழே இறக்கி, மீண்டும் நெடுநேரம் சோதித்தோம். விசிறிச் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார். வீடியோவில் முடிந்திருந்த பகுதியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். மலையையும் கோயில் இருந்த மேட்டையும் வைத்து அம்மா இடத்தைப் பிடித்துவிட்டார். நீச்சல் குளத்தில் விரலை வைத்தார்.

"இங்கதான் நம்ம லயத்து வீடுங்களுக்குக் கக்கூஸ் இருந்துச்சு. மழை பேஞ்சா வாசல் வரைக்கும் வரும். நல்லா இடிச்சுக் கட்டட்டும்." திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, "எங்களைக் காலி பண்ணச் சொன்னப்ப சாமானை லாரில ஏத்த ஒரு ஆளு வரல. படம் மட்டும் நல்லா போடுறானுங்க" என்றார்.

அந்தப் படத்தைப் போட்டது நான்தான் என்று அவருக்குத் தெரியும். உள்ளே போய்விட்டார்.

வீடியோ குறித்த நாளுக்கு முன்பே முடிந்தது. லேப்டாப் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கூட்டத்தில் அந்தச் சொந்தக்காரர் தன் புது லேப்டாப்பில் என் வீடியோவைப் போட்டுக் காட்டினார். நீச்சல் குளம் வந்தபோது வாடிக்கையாளர்கள் கைதட்டினார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த பாஸின் மனைவி என் பக்கம் குனிந்து, "கடையிலருந்து கோப்பி வந்துருச்சான்னு பாரேன்" என்றார். நான் எழுந்து போனேன்.

அன்று மாலை பாஸ், எப்படி அவ்வளவு சீக்கிரம் முடித்தாய் என்று கேட்டார். தூசி, பேஸ்ட், படிப்படியாக வேகம் ஏற்றியது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப உன் லேப்டாப்பே போதுமே! நல்ல வேளை, புதுசுக்கு ஆர்டர் போடல. ஆபிஸ்ல உள்ள பழைய மெஷினையும் இப்படியே பண்ணிரு."

"அதெல்லாம் வேகத்தைக் கூட்ட விடாம லோக் பண்ண பிராசசர், பாஸ். முடியாது."

"டிரை பண்ணிப் பாருலா."

"பாஸ், இது என் சொந்த லேப்டாப்."

"நம்ம எல்லாரும் ஒரே குடும்பம்தானே" என்று சிரித்தார்.

அதற்கு மேல் என் லேப்டாப்பை நான் அலுவலகத்துக்குக் கொண்டுபோகவில்லை. பழைய மெஷினிலேயே உட்கார்ந்தேன். அடுத்த வீடியோ தாமதமானது. பாஸ் வந்து பின்னால் நின்றார்.

"ஏன் இவ்ளோ லேட்டு?"

"இதோட வேகம் இதுதான், பாஸ்."

தன் அறைக்குப் போய்விட்டார். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அந்த வாரமே வீடியோ வேலை முழுவதையும் கோலாலம்பூரில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏற்பாடு செய்தவர் அந்தச் சொந்தக்காரர். எனக்குக் கதவுகளுக்கு எண் போடுவதும் கழிவுநீர்க் குழாய் வரைவதும் மிஞ்சின.

"வேற வேலை தேடுலா" என்கிறார் அக்கா. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வேலை கோலாலம்பூரில் கிடைக்கும், ஈப்போவில் கிடைப்பதில்லை. அம்மா மாதாமாதம் மருந்துக்குப் போகும் ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது.

போன வாரம், அந்தக் கோலாலம்பூர்க் கம்பெனி செய்த முதல் வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். ஒரு வீட்டில் மரத்தின் நிழல் வெயில் வருகிற பக்கமே விழுந்திருந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்து, "எப்படி?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு, பாஸ்" என்றேன்.