கால் மடங்கிய பதினொரு படங்கள்

படக்காரர் இருபத்தாறு வருஷமாக நடனம் பார்த்தவர் என்று அரங்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். சுத்தப் பொய். அவர் ஒரு தாவலைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது.

அவர் கேமரா பழைய வகை. உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி. மேடை கண்ணுக்குத் தெரிவது அதன் வழியாகத்தான். பட்டனை அமுக்கினால் கண்ணாடி மேலே எகிறும், படம் விழும், கண்ணாடி திரும்பக் கீழே இறங்கும். படம் விழுகிற அந்தத் துணுக்கு நேரம் எடுக்கிறவன் கண்ணுக்கு இருட்டு. தாவலின் உச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டால் படம் தவறிவிட்டது என்று அர்த்தம். படம் கிடைத்தால் அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம். இருபத்தாறு வருஷப் பிழைப்பு இது.

அதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார். வெள்ளைச் சுவர், ஒரு ஸ்டூல், "சிரிக்காதீங்க", அடுத்த ஆள். நாளுக்கு இருநூறு முகம். தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். அதே வாரம் அரங்கத்தில் ஒரு இடம் காலியானது. முந்தைய ஆள் ஃபிளாஷ் அடித்ததில் ஒரு பாலேக்காரர் கண் கூசி, மேடை விளிம்பைத் தாண்டி வாத்தியக்காரர்கள் மடியில் போய் விழுந்தாராம்.

முதல் நாள் இவர் எடுத்த முந்நூறு படத்தையும் நடன டீச்சர் வரிசையாகப் பார்த்தார்.

"ஏங்க, இவங்க எல்லாம் பாலே ஆடுறாங்களா, பஸ்ஸுல இருந்து இறங்குறாங்களா?"

எல்லாமே இறங்குகிற படம். முட்டி மடங்கி, குதிகால் தரையில் பட்டு, முகத்தில் அப்பாடா. டீச்சர்தான் சொன்னார்: "தாளத்தை எண்ணினா எட்டுல உச்சி வரும். நீங்க ஏழுலயே அமுக்கணும். கண்ணை நம்பாதீங்க, எண்ணுங்க." அன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தவர். அக்கா வீட்டில் சாப்பிடும்போதுகூட உதடு அசையும்.

அக்கா வீடு என்றால் அவர் வீடும் அதுதான். அக்கா புருஷனை இழந்தவர், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. இவர் கல்யாணம் கட்டவில்லை. மூன்றாவது ஆள் அக்கா மகள். பன்னிரண்டு வயதிலேயே கால் மட்டும் தனியாக வளர்ந்தது. கொக்கு என்று பேர் வந்தது. அந்தக் காலைப் பார்த்துத்தான் டீச்சர் அவளை எடுத்துக்கொண்டார். இப்போது இருபத்து நான்கு வயது, அரங்கத்தின் நடனக் குழுவில் வருஷ ஒப்பந்தம். ஒவ்வொரு வருஷமும் புதுக் காகிதம், புதுக் கையெழுத்து, புதுப் பயம்.

அந்த அரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேர் சல்லடை. வேஷம் கட்டி நடக்கும் கடைசி ஒத்திகை முடிந்ததும், மேடைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் படக்காரரும் டீச்சரும் ஆடினவர்களும் கம்ப்யூட்டர் முன் உட்காருவார்கள். கால் வளைந்த படம், முட்டி தளர்ந்த படம், வாய் கோணின படம் எல்லாம் அங்கேயே போகும். ஆடினவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். கேமரா கார்டிலிருந்தே அழிக்க வேண்டும், பிரதி வைக்கக் கூடாது. பிறகு ஒரு நோட்டில் எண்ணிக்கை எழுதி, ஆடினவரும் படக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இது நிர்வாகம் போட்ட சட்டம் இல்லை. ஆடுகிறவர்கள் சண்டை போட்டு வாங்கியது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் வழுக்கி விழுந்த படத்தை அப்போதைய மேனேஜர் பத்திரிகைக்குக் கொடுத்து, ஊரே சிரித்தது. நான்கு நாள் யாரும் மேடை ஏறவில்லை. சங்கத்தின் சார்பில் கோரிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு அறை அறையாகக் கையெழுத்து வாங்கினவர் படக்காரர்தான். "எங்கள் உடம்பின் படம் எங்கள் அனுமதி இல்லாமல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது." அந்த வரியே அவர் எழுதியது. நல்ல வரி. இன்றைக்கும் அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வருஷம் வெளியிலிருந்து ஒருவர் வந்து நவீன நடனம் ஒன்று அமைத்தார். பாட்டு கிடையாது. ஒரு பெரிய மின்விசிறி ஓடும் சத்தம், அவ்வளவுதான். எல்லாரும் காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு ஓடி வந்து சறுக்க வேண்டும். யார் எப்போது ஓடுவார்கள் என்பது ஓடுகிறவர்களுக்கே தெரியாது.

"டீச்சர், இதுல எட்டு எங்க வருது?"

"எனக்கே தெரியல படக்காரரே. விசிறியைத்தான் கேக்கணும்."

எண்ண வழியில்லாததால் அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். படபடவென்று நொடிக்கு எட்டுப் படம். கண்ணுக்கு மேடையும் இருட்டும் மாறி மாறி வந்தன.

மேடைத் தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பை நீள நீளமாகப் போட்டு, இணைப்பில் கறுப்பு டேப் ஒட்டுவார்கள். விரிப்புப் போடுகிறவர் ஒரு வாரமாகப் புது டேப் கேட்டுக்கொண்டிருந்தார். வாயால்தான் கேட்டார், எழுதிக் கேட்கவில்லை. இருக்கிறதை வைத்து ஓட்டு என்று மேனேஜர் சொன்னதும் வாயால்தான்.

கொக்கு ஓடி வந்தாள், சறுக்கினாள், விழுந்தாள். உடனே எழுந்தாள். மிச்சம் பன்னிரண்டு நிமிஷத்தையும் ஆடி முடித்தாள். விழுந்தால் எழுந்து ஆட வேண்டும் என்று பன்னிரண்டு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஏன் விழுந்தாய் என்று கேட்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சல்லடை அறைக்கு முட்டியில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு வந்தாள். "லேசாப் பிசகிருச்சு மாமா. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

திரையில் அவள் விழுகிற படங்கள் வந்தன. மொத்தம் பதினொன்று. பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. முட்டி தப்பான பக்கம் திரும்பியிருந்தது. வாய் திறந்து, கண் பிதுங்கி.

"அடக் கடவுளே, யாரு இது?" என்றார் டீச்சர்.

"அழிங்க மாமா. இந்த மூஞ்சிய ஒருத்தரும் பாக்கக் கூடாது."

அவர் பார்த்தார். சரியாகச் சொன்னால், பாதத்தைப் பார்த்தார். மடங்கிய பாதம், கெட்டுப்போன உடம்புக் கோடு. இருபத்தாறு வருஷப் பழக்கம், கண் அதற்கு மேல் போகவில்லை. விரலின் மேல் ஏதோ கறுப்பாக, பளபளப்பாக ஒரு சுருள் இருந்தது. நிழல் என்று நினைத்தார். நிழல் என்றுகூட நினைக்கவில்லை. பதினொன்றையும் அழித்தார். நோட்டில் "11" என்று எழுதினார். கொக்கு கையெழுத்துப் போட்டாள், இவரும் போட்டார்.

காலையில் முட்டி பூசணிக்காய் அளவு இருந்தது. அக்கா தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனார். உள் ஜவ்வு இரண்டும் கிழிந்திருந்தன. அறுவை வேண்டும், ஒரு வருஷம் ஆகும், அதற்குப் பிறகு நடக்கலாம். ஆடுவதைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் படுக்கையில் படுத்துக்கொண்டு கொக்கு சொன்னாள்: "கால் எதுலயோ மாட்டுச்சு மாமா. தரைக்குள்ள போன மாதிரி இருந்துச்சு."

அப்போதுதான் படக்காரருக்கு அந்தக் கறுப்புச் சுருள் திரும்ப வந்தது. அது நிழல் இல்லை, விரிப்பிலிருந்து உரிந்த டேப்.

வேலையில் பட்ட காயம் என்றால் வைத்தியம் அரங்கத்தின் பொறுப்பு, குணமாகும்வரை ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. தன் தவறால் விழுந்தது என்றால் இந்த ஆட்டப் பருவத்தோடு ஆள் வெளியே. எது என்று அரங்கம் விசாரணை வைத்து முடிவு செய்யும். கொக்குவின் கதை முழுக்க அந்த இரண்டு வரிக்குள் வந்து நின்றது.

படக்காரர் மேடைக்கு ஓடினார். பாலேவுக்காக விரிப்பை மாற்றியிருந்தார்கள். பழையது சுருட்டி ஓரத்தில் நின்றது, டேப் உரித்துக் குப்பைக்குப் போய்விட்டது. விரிப்புக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, மூணாவது இணைப்பு. எனக்குத் தெரியும். அது ரெண்டு நாளா வாயைப் பொளந்துக்கிட்டுதான் கெடந்துச்சு."

"விசாரணைல இதைச் சொல்லுவியா?"

விரிப்புக்காரர் கையை எடுத்துக்கொண்டார். "ஒட்டினது நான்தானேண்ணே? என் தலையிலதான் கல்லைப் போடுவாங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு."

திட்ட முடியுமா? அவர் சொன்னதும் உண்மைதான். கூட ஆடினவர்களைக் கேட்டார். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. டீச்சர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார்: "நான் பாத்தேன். ஆனா நானும் பாதத்தைத்தான் பாத்தேன் படக்காரரே. சத்தியமா தரையைப் பாக்கல."

மிச்சம் இருந்தது கார்டு. அழித்ததை மீட்டுத் தருகிற கடை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு அங்கே போனார். கடைக்காரர் கார்டைச் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"அழிச்சதுக்கு அப்புறம் இதுலயே மறுபடி படம் எடுத்தீங்களா சார்?"

எடுத்திருந்தார். மறுநாள் பாலே, நானூறு படம். எப்போதும் ஒரே கார்டுதான். ராசியான கார்டு.

"மேலயே எழுதிட்டீங்களே சார். பாப்போம், ஏதாவது துண்டு துக்கடா மாட்டுதான்னு."

இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று மாட்டியது. பதினொன்றில் ஒன்று, அதுவும் மேல்பாதி. இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். மேலே கொக்குவின் முகம். வாய் திறந்து, கண் பிதுங்கி, ஒவ்வொரு பல்லும் தெரிகிற அளவுக்குத் துல்லியம். யாரும் பார்க்கக் கூடாது என்று அவள் சொன்ன முகம் மட்டும் தப்பியிருந்தது.

அதை அச்செடுத்து உறையில் போட்டு விசாரணைக்குக் கொண்டுபோனார். மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், கணக்கர், வக்கீல். இந்தப் பக்கம் கொக்கு ஊன்றுகோலோடு, பக்கத்தில் அக்கா, பிறகு இவர். மேனேஜர் படத்தை வாங்கிப் பார்த்தார். கெட்டவர் போல் பேசவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

"வலி தெரியுதுங்க. பாக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா தரை எங்க?"

"கீழ்ப்பாதி போயிருச்சு சார். அதுல டேப் தூக்கிட்டு இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் அழிச்சீங்க?"

இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி.

வக்கீல் நோட்டைத் திருப்பி வைத்தார். பதினொன்று. இரண்டு கையெழுத்து. "ஆடினவங்களே விருப்பப்பட்டு அழிச்சிருக்காங்க. இது உங்க சங்கம் கேட்டு வாங்கின உரிமை. நாங்க அதுல தலையிடவே மாட்டோம்."

அக்கா எழுந்துவிட்டார். "தலையிட மாட்டீங்க, காலை மட்டும் வாங்கிக்குவீங்க. அப்படித்தானே?"

கணக்கர் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அக்கா குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் தபால் வந்தது. ஆடினவரின் கவனக்குறைவு, பருவ முடிவோடு ஒப்பந்தம் முடிகிறது, வருந்துகிறோம். மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. சங்கத்து ஆள் வீட்டுக்கே வந்து, எல்லாவற்றையும் கேட்டு, நோட்டின் நகலை இரண்டு தடவை படித்துவிட்டு, "பாக்கலாம்" என்றார். அந்தப் "பாக்கலாம்" எந்த ரகம் என்று படக்காரருக்குத் தெரியும். அவரே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வேஷ ஒத்திகையில் கொக்குவின் இடத்தில் புதுப் பெண் ஆடினாள். படக்காரர் வழக்கமான இருக்கையில்தான் உட்கார்ந்தார். ஆனால் கேமராவைக் கீழே சாய்த்துப் பிடித்திருந்தார். ஒத்திகை முழுக்கத் தரையை எடுத்தார். முதல் இணைப்பு, இரண்டாவது, மூன்றாவது. புது டேப் ஒட்டியிருந்தார்கள். ஓரம் ஓரமாக, அங்குலம் அங்குலமாக.

சல்லடை அறையில் அந்தப் படங்கள் திரையில் வந்தன. கறுப்பு விரிப்பு, கறுப்பு டேப், எப்போதாவது ஒரு கட்டை விரல். புதுப் பெண் குழம்பிப் போய் டீச்சரைப் பார்த்தாள்.

"என் படம் எங்க டீச்சர்?"

டீச்சர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "படக்காரரே, இதுல ஆளே இல்லையே."

"தரை இருக்குல்ல டீச்சர்."

"இதை எந்தச் சுவத்துல மாட்டுறது? எந்தப் பத்திரிகைக்குக் குடுக்கறது?" கேட்டுவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். "அழிச்சிருங்க. மேனேஜர் பாத்தா உங்களையும் அனுப்பிருவார். வீட்டுல இப்ப சம்பளம் வாங்கற ரெண்டு பேர்ல நீங்க ஒருத்தர்."

அவர் அழித்தார். நோட்டில் "412" என்று எழுதினார். படத்தில் விரல் மட்டும் இருந்தாலும் விதி விதிதான். புதுப் பெண் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்குப் போனபோது கொக்கு ஜன்னல் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பாதிப் படம். உறையிலிருந்து அவளே எடுத்திருக்கிறாள்.

"மாமா, நான் இவ்வளவு சத்தமாவா கத்தினேன்?"

அவர் யோசித்துப் பார்த்தார். விசிறிச் சத்தம் ஞாபகம் இருந்தது. கேமராவின் படபடப்பு ஞாபகம் இருந்தது.

"கேக்கலம்மா" என்றார்.

"நீங்க முன்வரிசைலதானே இருந்தீங்க?"

"ஆமா."

அவள் படத்தைத் திரும்ப உறையில் போட்டாள். அக்கா வேலையிலிருந்து வந்து கதவைத் தட்டினார். படக்காரர் எழுந்து போய்த் திறந்தார்.