கார்மேகம் அண்ணனும் நாற்பத்தைந்து பவுண்டு வில்லும்

கார்மேகம் அண்ணன் இறந்துவிட்டார். அமெரிக்காவில். ரோட்டில் கார் மோதி.

அண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு வரி. திரும்பத் திரும்பப் படிக்கிறேன், அதே வரிதான் இருக்கிறது...

அண்ணனின் காலேஜ் நண்பர்கள் சிலர் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறீர்கள். மதுரையில் வேறு யாரும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் என் பெரியப்பா மகன். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொல்லக் கூடாது.

நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தது அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் போனும் போய்விடும், ஆர்ச்சரியும் போய்விடும். சொந்தக்காரர்கள் எல்லோரிடமிருந்தும் இந்தப் பதிவை மறைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள்.

அப்பா பக்கத்து அறையில்தான் தூங்குகிறார். இருமினால் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

எங்கள் பேச்சு ஆரம்பித்ததே வில்லால்தான். ஸ்கூல் டீமில் மூங்கில் வில்லோடு நான் நிற்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "பாப்பா, அண்ணன் எல்க் வேட்டைக்குப் போகப்போறேன். வில்லு எப்படி எடுக்கிறதுன்னு தெரியல. நீதான் சொல்லணும்."

எல்க் என்பது ஒரு மான். நம் கடமானைவிடப் பெரியது. அங்கே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போகலாமாம். அண்ணனுக்கு இதுதான் முதல் தடவை.

அவர் ஆபீஸில் எல்லோரிடமும் சக்கரம் வைத்த வில். இவருக்கு மட்டும் வெறும் மர வில் வேண்டும். குறி பார்க்கும் கருவிகூட வேண்டாம்.

"ஏண்ணே, லேசா இருக்கதை விட்டுட்டு?"

"சக்கரம் வேணும்னா சைக்கிள் வாங்கிட்டுப் போறேன், போ."

முதலில் ஐம்பத்தைந்து பவுண்டு வில் ஒன்றை வாங்கிவிட்டார். பவுண்டு என்றால் நாணை இழுக்க வேண்டிய பலம். வீடியோ காலில் இழுத்துக் காட்டினார். முகம் சிவந்துவிட்டது.

"அண்ணே, கை நடுங்குது."

"இல்லயே."

"தாடி வரைக்கும் ஆடுதுண்ணே."

"அம்புட்டுப் பெரிய மானுக்கு இதான் சரின்னு கடைக்காரன் சொன்னான்டி."

"கடைக்காரனா காட்டுக்குள்ள வந்து இழுக்கப்போறான்? ஆடாம நிறுத்த முடியுற வில்லா எடுண்ணே. அம்பை மட்டும் கனமா எடுத்துக்க."

கொஞ்ச நாள் பேசவே இல்லை. அப்புறம் நாற்பத்தைந்து பவுண்டில் ஒன்று வாங்கிவிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "பாப்பா, இப்ப ஆடல. நிக்குது."

அந்த மெசேஜ் என்னிடம் இருக்கிறது.

அம்புக்கு என்ன நிறத்தில் இறகு வைப்பது என்றும் சண்டை. அவருக்குப் பழுப்பு வேண்டும், மானின் கண்ணில் படாதாம். நான் மஞ்சள் என்றேன். "புல்லுக்குள்ள போன அம்பைத் தேடிப் பாத்திருக்கியாண்ணே? தல்லாகுளம் கிரவுண்டுல ஒரு அம்புக்காக நான் முட்டி போட்டுத் தேடிருக்கேன்." மஞ்சளே வாங்கினார்.

வேட்டை இனிமேல்தான், புரட்டாசியில். "விரத மாசத்துல மான் அடிக்கப் போறியே, பெருமாள் சும்மா விடுவாரா?" என்று கேட்டேன். "பெருமாளுக்கு இங்க விசா கிடைக்காது பாப்பா" என்றார். அண்ணி பின்னால் சிரித்தது கேட்டது.

சேதி பெரியப்பா வீடு வழியாக எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனாலும் இன்று வீட்டில் யாரும் தலைக்குக் குளிக்கவில்லை. பங்காளி வீட்டுச் சாவு என்றால் எல்லோருக்கும் தீட்டு. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "அவனுக்குத்தான் அப்பவே தலை முழுகியாச்சே. ஆக வேண்டியதைப் பாருங்க."

ஆக வேண்டியது, நாளை சித்தப்பா மகனுக்குக் காதுகுத்து. வாடிப்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில்.

சாயங்காலம் எல்லோரும் எங்கள் வீட்டில் மாவிளக்குக்கு மாவு இடித்தார்கள். பெரியம்மாவும் வந்திருந்தார். கார்மேகம் அண்ணனைப் பெற்றவர்.

"என்னக்கா, மாவைத் தொடாமயே உக்காந்திருக்க?" என்று சித்தி கேட்டார்.

"கை வலிக்குதுடி."

தீட்டோடு சாமி மாவைத் தொடக் கூடாது. எனக்குப் புரிந்தது. வேறு யாருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. அல்லது புரியாத மாதிரி இருந்தார்கள்.

நான் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். பெரியம்மா பின்னாலேயே ஏறி வந்தார்.

"அவன் பேசுனது எதும் போன்ல வச்சிருக்கியா?"

"எதைக் கேக்குறீங்க பெரியம்மா?"

"பயப்படாதடி. இங்க வர்றப்பல்லாம் நீ பேசுறதைக் கதவுக்கு அங்கிட்டு நின்னு நானும் கேட்டிருக்கேன்."

அந்த மெசேஜைப் போட்டேன். போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டார்.

"என்ன நிக்குதுங்கிறான்?"

"வில்லு, பெரியம்மா. முதல்ல வாங்குனது கனம். கை நடுங்குச்சு. மாத்திட்டாரு."

"மாத்திட்டானா... ம். இன்னொருக்கா போடு."

போட்டேன். அவர் அழவில்லை. நானும் அழவில்லை. கீழே யாரோ கூப்பிட்டதும் முந்தானையால் போனைத் துடைத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

நாளை கோயிலுக்கு வந்தாலும் உள்ளே போக மாட்டேன் என்று படியிலேயே சொன்னார். கால் வலி என்று சொல்லிக்கொண்டு வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிடுவாராம்.

நானும் உள்ளே போகப்போவதில்லை. அப்பா ஏன் என்று கேட்பார். எனக்குக் கால் வலி என்றால் நம்ப மாட்டார். என்ன சொல்வது என்று இந்த நிமிஷம் வரை தெரியவில்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், அவ்வளவுதான் தெரியும்.

அங்கே இப்போது பகல். அண்ணி ஆஸ்பத்திரியில் அண்ணன் உடலோடு தனியாக இருக்கிறார். தெரிந்தவர்கள் யாராவது அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.

சரிண்ணே... வைக்கிறேன்.