அலாரம் சிஸ்டர் எம்.எஸ்ஸி. படித்த கதை

எங்கள் அறுவை சிகிச்சை வார்டில் நோயாளிகள் அவருக்கு வைத்த பெயர் அலாரம் சிஸ்டர். காலை டூட்டிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, வெளிச்சம் வருவதற்குள் வார்டு விளக்குகளைப் போட்டுவிடுவார். வெந்நீர், துண்டு, சோப்பு, சுத்தமான விரிப்பு எல்லாம் ஏற்றிய தள்ளுவண்டி கடகடவென்று கிளம்பும். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவரையும் எழுப்பி, உடம்பு துடைத்து, தலைசீவிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது விரிப்புகளில் ஒரு சுருக்கம் இருக்காது. சீக்கிரம் எழுப்பிச் சுத்தம் செய்தால் நோயாளி சீக்கிரம் தேறுவார் என்பது அவர் கட்சி. வார்டுப் பொறுப்பை ஏற்ற புதிதில் அவரே கொண்டுவந்த வழக்கம் அது. நாங்களும் தலையாட்டிக்கொண்டு செய்தோம்.

ஒருத்தி மட்டும் தலையாட்டவில்லை. புதிதாக வேலைக்கு வந்திருந்த அவள், விடிய விடிய வலியில் துடித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த ஒரு பாட்டியை எழுப்பாமல் விட்டுவிட்டாள். ஏன் எழுப்பவில்லை என்று சிஸ்டர் கேட்டதற்கு, எதற்காக எழுப்பணும் என்று திருப்பிக் கேட்டாள். அன்றைக்கு அவள் வாங்கிய திட்டு வராந்தா வரைக்கும் கேட்டது. அடுத்த வருடம் மேல்படிப்புக்குப் போனவள், திரும்பி வார்டுக்கு வரவில்லை.

சிஸ்டருக்கும் மேல்படிப்பு ஆசை உண்டு. சின்ன வயதில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. அதே சமயம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். டிப்ளமோவோடு வேலையில் சேர்ந்தார். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு மாலை வகுப்புக்குப் போய் பட்டத்தை முடித்தார். எம்.எஸ்ஸி. மட்டும் தள்ளிக்கொண்டே போனது. மகள் வேறு ஊரில் கல்லூரி விடுதிக்குப் போனதும், இனி யாரைச் சாக்குச் சொல்வது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டதாக ஒருநாள் என்னிடம் சொன்னார். அப்போது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தார்.

நர்சிங் எம்.எஸ்ஸி.யில் சேர்ந்துவிட்ட விஷயம் தெரிந்ததும் அவருடைய நாத்தனார், பேரன் பேத்தி எடுக்கிற வயதில் புத்தகப் பை எதற்கு என்று கேட்டாராம். சிஸ்டரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசமாட்டார். அன்று மாலை ஒரு புதுப் புத்தகப் பையோடு வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் அரிசி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார். அவர் வடித்த சோறு முதல் மாதம் கஞ்சிக்கும் சோற்றுக்கும் நடுவில் எதுவாகவோ இருந்தது என்பார் சிஸ்டர். ஆனால் சிஸ்டர் மிச்சம் வைத்ததில்லை.

காலை டூட்டி முடிந்ததும் பிற்பகல் வகுப்பு. முதல் நாள் ஆராய்ச்சிப் பாடத்துக்கு ஆசிரியை உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள், சிஸ்டரும் எழுந்தார். வந்து நின்றது பாட்டியை எழுப்பாமல் விட்ட அதே பெண்! அவளுக்கு முகம் வெளிறிவிட்டது. "நீங்க உட்காருங்கக்கா" என்று தடுமாறினாள்.

சிஸ்டர் உட்காரவில்லை. "இங்க நான் அக்கா இல்ல மேடம். மத்தவங்களை நடத்துற மாதிரியே என்னையும் நடத்துங்க" என்றார்.

மேடமும் அப்படியே நடத்தினார். சிஸ்டர் எழுதிக் கொடுத்த முதல் கட்டுரை பக்கமெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. புள்ளியியல் தேர்விலோ சிஸ்டர் தோற்றே போனார். பக்கத்து இருக்கையில் மகள் வயதுப் பெண் ஒருத்தி. காதில் எப்போதும் இயர்போன் மாட்டிக்கொண்டிருப்பாள். அவள்தான், நான் சொல்லித் தர்றேன் ஆன்ட்டி என்று முன்வந்தாள். கேன்டீன் மூலையில் இருவரும் சராசரியும் விலக்கமுமாக மல்லுக்கட்டினார்கள். அடுத்த முறை சிஸ்டர் பாஸ். அந்தத் தேர்வுத் தாளை வார்டுக்கே எடுத்துவந்து எங்களிடம் காட்டினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை தோற்றுப்போகும், அப்படியொரு சிரிப்பு.

ஒருநாள் வகுப்பில் நோயாளியின் தூக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. சிஸ்டர் எழுந்து, காலையில் எழுப்பித் துடைத்தால்தான் நோயாளி சீக்கிரம் தேறுவார், இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். மேடம் மெதுவாக, "எப்படித் தெரியும் சிஸ்டர்?" என்று கேட்டார்.

சிஸ்டருக்கு வீடு போய்ச் சேரும்வரை கோபம் அடங்கவில்லை. மறுநாள் மேடத்தின் அறைக்குப் போய், இதையே என் ஆய்வாக எடுத்துக்கொள்கிறேன், செய்து காட்டுகிறேன் என்றார். மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: யார் எப்போது நடந்தார்கள், யார் வலி ஊசி கேட்டார்கள் என்பதையெல்லாம் சிஸ்டர் குறிக்கக் கூடாது. இந்த வழக்கத்தில் பிடிப்பே இல்லாதவர்கள் குறிக்கட்டும்.

அப்படித்தான் அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியின் அனுமதி வாங்கி, நோயாளிகளிடமும் கேட்டு, சீட்டுக் குலுக்கி வார்டின் இரு பக்கமாகப் பிரித்தோம். ஒரு பாதி வழக்கம்போல. இன்னொரு பாதி, தானாகக் கண் விழிக்கும்வரை தூங்கலாம். விளக்குப் போடாமல் அந்தப் பக்கத்தைக் கடந்து போவது சிஸ்டருக்குப் பெரிய தண்டனை. கையில் துண்டை வைத்துப் பிசைந்துகொண்டே போவார். ஆனால் ஒருநாளும் ஒருவரையும் எழுப்பவில்லை. எங்கள் குறிப்புகளை எட்டிப் பார்க்கவும் இல்லை.

முடிவு கைக்கு வந்த மாலை நானும் கேன்டீனில் இருந்தேன். காதில் மாட்டுகிற பெண் கணக்கை ஒரு முறை போட்டாள், மறுபடி போட்டாள், பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். நாங்கள் தூங்கவிட்டவர்கள் குறைவாகவே வலி ஊசி கேட்டிருந்தார்கள். சீக்கிரமாகவே எழுந்து நடந்திருந்தார்கள். காயம் ஆறுவதில் இரு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. தலைப்பைக் கொஞ்சம் மாற்றி, காயத்தைப் பற்றி மட்டும் எழுதிவிடலாமே ஆன்ட்டி, அப்போது யாருக்கும் தோல்வி இல்லையே என்றாள் அந்தப் பெண். சிஸ்டர் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் நடந்ததைப் பிறகு அவரே சொன்னார். சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "இத்தனை வருஷமா ஒரு லிஃப்டைத் தப்பா ரிப்பேர் பண்ணிட்டு வந்தீங்கன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"மறைச்சிடுவேன்."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஆனா நீ மறைக்க மாட்டே. அது எனக்குத் தெரியும்" என்றாராம்.

சிஸ்டர் உள்ளதை உள்ளபடி எழுதினார். அந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் யார் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதினார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். எங்களுக்கும் பின் வரிசையில் உட்கார அனுமதி கிடைத்தது. பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, உங்கள் வழக்கத்தையே தப்பென்று நிரூபித்திருக்கிறீர்களே, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"வருத்தமாத்தான் சார் இருக்கு. நான் எழுப்பின முகம் ஒவ்வொண்ணும் ஞாபகம் வருது" என்றார் சிஸ்டர். "ஆனா இதைக் கண்டுபிடிச்சது வேற யாரும் இல்ல. நான்தான். அதுல எனக்குப் பெருமை சார்."

பேராசிரியர் ஏட்டை மூடிக் கையெழுத்துப் போட்டார். மேடம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அப்படித்தான் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாஸானதோடு சிஸ்டர் விடவில்லை. நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போய், ரவுண்ட்ஸைக் கொஞ்சம் தாமதமாக்க வேண்டும் என்று கேட்டார். விடிந்ததும் எல்லாம் தயாராக இருக்கும் என்று என்னைப் பழக்கிக் கெடுத்ததே நீங்கள்தானே என்றார் டாக்டர். ஆமாம், அதனால்தான் நானே வந்து கேட்கிறேன் என்றார் சிஸ்டர். டாக்டர் முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். ஆபரேஷன் நேரம் இடிக்கும் என்று இழுத்தடித்து, கடைசியில் தாமதமாக வரச் சம்மதித்தார். விடியற்காலையில் எங்கள் வார்டில் இப்போது குறட்டைச் சத்தம்தான்.

பட்டமளிப்பு விழாவுக்கு மேடமே வந்து, தரையில் இழுபட்ட சிஸ்டரின் நீள அங்கியை ஊக்கு குத்திச் சரிசெய்தார். "இன்னைக்காவது அக்கான்னு கூப்பிடலாமா?" என்று கேட்டார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு எதுக்கு எழுப்பணும்னு நீ கேட்டப்பவே நான் யோசிச்சிருக்கணும்மா" என்றார். பேர் கூப்பிட்டதும் மேடை ஏறினார். வார்டில் எப்படி நடப்பாரோ அப்படியே, விறுவிறுவென்று. காதில் மாட்டுகிற பெண் விசிலடித்தாள். நாத்தனாரும் வந்திருந்தார், பக்கத்து நாற்காலிக்காரரிடம், அது எங்க வீட்டுப் பொண்ணு என்று சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் கைதட்டவில்லை. இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தால் படம் முழுக்க ஆடியிருந்தது. பரவாயில்லை என்று அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டிவைத்திருக்கிறார்கள்.