அனுபவம், தொலைவிலிருந்து

லாண்டரிக் கடை கவுன்ட்டரில் சட்டைகளுக்குச் சீட்டு கட்டிக்கொண்டிருந்தவளுக்கு ஐடி சப்போர்ட் வேலையில் சேர வேண்டும் என்ற ஆசை. கல்யாணத்துக்கு முன்பே ஹார்டுவேர் டிப்ளமோ முடித்திருந்தாள். பிறகு மாமனார் படுத்த படுக்கையாகிவிட, அவரைப் பார்த்துக்கொண்டதிலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. கணவர் வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். போன பிறகு ஒரே ஒரு முறைதான் வந்துபோயிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெஸ்யூமேயை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துத் தரும் அலுவலகம் ஒன்றில் அக்காவுக்கு வேலை. வரும் ரெஸ்யூமேக்களைப் பிரித்து அடுக்குவதுதான் அவள் பிழைப்பு.

"ஏண்டி, இதுல உன்னத் தவிர ஊருல எல்லாரும் இருக்காங்க," என்றாள் அக்கா, லாப்டாப்பைத் தன் பக்கம் திருப்பியபடி. "கடின உழைப்பாளி, சவால்களை விரும்புபவர்... இதே வரிய இந்த வாரம் எத்தன பேருகிட்ட படிச்சேன் தெரியுமா? கண்ணு வழுக்கிட்டுப் போயிடும்."

"நெட்ல இருந்துச்சுக்கா."

"அதான் தெரியுதே. பொழுதுபோக்கு, கிரிக்கெட் பார்த்தல். நீ எப்படி கிரிக்கெட் பாக்க ஆரம்பிச்ச?"

"அழிக்க மறந்துட்டேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அக்கா வெட்ட ஆரம்பித்தாள். புகைப்படம் போனது. அப்பா பெயர், உறுதிமொழி, 'சவால்கள்' எல்லாம் போயின. மிச்சமிருந்த வெள்ளைப் பக்கத்தை இவள் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். நம்மிடம் இவ்வளவுதானா?

"நடுவுல வருஷக்கணக்கா ஒண்ணுமே இல்லையேன்னு கேப்பாங்க. மறைக்காத. 'நோயுற்ற குடும்பத்தாரைப் பராமரித்தேன்'னு ஒரு வரி போதும். லாண்டரிய எதுக்குக் கடைசியில ஒளிச்சு வச்சிருக்க? மேல கொண்டா. சட்டையத் தொலச்சுட்டீங்கன்னு கத்துறவன உக்கார வச்சுப் பேசுற இல்ல? சப்போர்ட் வேலையில பாதி அதுதான்."

"மீதி?"

"மெஷினு. டிப்ளமோவுக்கு அப்புறம் யாருக்காவது எதையாவது சரி பண்ணிக் குடுத்திருக்கியா?"

யோசித்தாள். "இல்லக்கா. இவரு ஃபோன் மட்டும்தான்."

அக்கா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

கணவரின் விடுதி அறையில் பலர் சேர்ந்து இருந்தார்கள். வேலை முடிந்து வந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டாரோடு வீடியோவில் பேச, படம் உறைந்துபோகும். பாதிச் சிரிப்பில் அவர் முகம் அப்படியே நின்றுவிடும். முகம் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்த பிறகும் இவள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாமல்தான் பழைய பாடங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினாள். அறையின் வைஃபை ரூட்டரில் எந்த விளக்கு எரிகிறது என்று அவரைச் சொல்லச் சொன்னாள். இரும்பு பீரோ மேலிருந்து அதை இறக்கி வைக்கச் சொன்னாள். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கவைத்து, பார்க்காமலே, வாயாலேயே வழி சொல்லி, நெரிசலில்லாத வைஃபை சேனலுக்கு மாற்றவைத்தாள். அவர் எரிந்து விழுவார், இவள் குரலை உயர்த்த மாட்டாள்.

முகம் தெளிவாக வந்தது. அதிலிருந்து அறைக்காரர்கள் ஒவ்வொருவராக "அண்ணி, என்னதையும் பாருங்க" என்று வந்தார்கள். ஒருவருக்கு மெயில் திறக்கவில்லை. சமையல்காரர் லாப்டாப்பில் வேண்டாத விளம்பரமாகக் கொட்டியது. அதை இங்கிருந்தே இயக்கிச் சுத்தம் செய்தாள். தான் கால் வைத்திராத அந்த அறையில், ஒரு சின்ன அம்புக்குறியாக மட்டும் அவள் அன்று நடமாடினாள்.

"அடிப்பாவி! இதத்தானடி ரிமோட் சப்போர்ட்டுங்கிறாங்க. எழுது!"

"அது வேலை இல்லக்கா." அவள் குரல் இறங்கியது. "அவரு முகத்தப் பாக்கணும்னு பண்ணது."

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்து வந்து, குடிக்காமல் மேசைமேல் வைத்தாள்.

"எதுக்குப் பண்ணங்கிறது உன்னோட இருக்கட்டும்," என்றாள். "என்ன பண்ணங்கிறத மட்டும் எழுதுவோம்."

அன்று மாலை, இதையெல்லாம் எழுதலாமா என்று கணவரிடம் கேட்டாள்.

"தாராளமா எழுது. முதல் கஸ்டமர் நான்தான்னு உங்கக்காவப் போடச் சொல்லு," என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "வேலை கெடச்சா நான் சீக்கிரம் வந்துடலாம் இல்ல?"

"வந்துடலாம்," என்றாள்.

பல இடங்களுக்கு அனுப்பினாள். பெரும்பாலும் பதிலே இல்லை. ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனி மட்டும் கூப்பிட்டது. அங்கே கேள்வி கேட்ட அம்மாள் தாளின் நடுவில் விரல் வைத்தார்.

"தொழிலாளர் விடுதிக்கு உதவினேன்னு போட்டிருக்கே, எந்த விடுதி?"

"என் வீட்டுக்காரர் ரூம் மேடம்."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "சரி. பாஸ்வேர்டு மறந்துபோய் ஒருத்தர் ஃபோன்ல கத்துறார். என்ன செய்வீங்க?"

"கத்தி முடிக்கிற வரைக்கும் கேப்பேன் மேடம். அப்புறம் அவர்தானான்னு சரிபாத்துட்டு, திரையில என்ன இருக்கோ அப்படியே படிக்கச் சொல்வேன்."

சர்வர் பற்றிக் கேட்டதற்கு, தெரியாது, கற்றுக்கொள்வேன் என்றாள். வேலை கிடைத்தது.

மதியம் தொடங்கி இரவில் முடியும் ஷிப்ட். கணவர் அறைக்குத் திரும்பும் நேரத்தில் இவள் காதில் ஹெட்செட்டோடு யார் யாருக்கோ பொறுமையாக வழி சொல்லிக்கொண்டிருப்பாள். விடுமுறை நாளில் மட்டுமே முகம் பார்த்துப் பேச முடிந்தது. அவருக்கோ ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. முன்னதாக விடுவிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார், பதில் வரவில்லை.

மற்ற நாட்களில் அவர் குரலைப் பதிவு செய்து அனுப்புவார். காலையில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே அவள் கேட்பாள். "சாப்டியா? நேத்து எத்தன பேரு கத்துனாங்க?" என்று ஆரம்பித்து, அறையில் நடந்த வம்புகள் வரை சொல்வார். எல்லாம் சொல்லி முடித்து, ஃபோனை அணைக்கும் முன் ஒரு பெருமூச்சும் பதிவாகியிருக்கும். கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, அந்த இடத்தை மட்டும் அவள் இன்னொரு தடவை கேட்பாள்.