பிடிச்சு விட்ட பதினோரு கெண்டை

போன வருஷம் சித்திரையில, அக்னி வெயில் பொறந்த ரெண்டாம் நாள் நடந்தது இது. சந்தவாசலைத் தாண்டி ஆத்துல ஒரு மடு இருக்குது, அங்கதான். அதை நினைச்சா இன்னிக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

நான் ஆரணியில பட்டுக்குச் சாயம் போடறவன். இருபது வருஷமா அதுதான் பொழப்பு. ஞாயித்துக்கிழமை ஆனா தூண்டிலைத் தூக்கிக்கினு கிளம்பிடுவேன். சாதா தூண்டில் இல்லை. குளிர் நாட்டு ஆறுகள்ல ட்ரவுட்னு ஒரு மீனைப் பொய் ஈ கட்டிப் பிடிக்கிறாங்களே, அதை செல்போன்ல பார்த்துக் கத்துக்கினேன். கொக்கியில கழிவுப் பட்டு நூலைச் சுத்தி, கோழி இறகு ஒண்ணு, ஜரிகைத் துணுக்கு ஒண்ணு வெச்சுக் கட்டினா மீனுக்கு அசல் ஈ மாதிரியே தெரியும். ஆரணிக்காரனுக்குப் பட்டு நூல் சுத்தச் சொல்லியா தரணும்? பிடிச்ச மீனைத் தின்னவும் மாட்டேன். போட்டோ எடுத்துட்டுத் தண்ணியிலயே விட்டுடுவேன். அதுல எனக்கு ரொம்பப் பெருமை. பெரிய ஜீவகாருண்ய வள்ளல்னு எனக்கு நானே நினைப்பு.

அன்னிக்கு ஆறு முழுக்க மணல்தான். தடுப்பணைக்குக் கீழே அந்த மடுவுல மட்டும் இடுப்பளவு தண்ணி. கரையில புங்கமரத்தடியில ஒரு அம்மா உட்கார்ந்துகினு இருந்தாங்க. என் வயசுதான் இருக்கும். என் கையில தூண்டிலைப் பார்த்ததும் எழுந்து வந்துட்டாங்க.

“இங்க போடக்கூடாதுண்ணா. இது வெத மீனு.”

விசாரிச்சேன். அந்த ஊர்ல ஒரு கட்டு. பங்குனியில இருந்து ஆத்துல புதுத்தண்ணி வர்ற வரைக்கும் மடுவுல யாரும் வலை போடக்கூடாது. கோடையைத் தாண்டற பெரிய மீனுதான் புதுத்தண்ணியில ஏறி முட்டை வைக்கும். அதுக்காக வீட்டுக்கு ஒரு நாள்னு மொறை வெச்சுக் காவல் இருக்காங்க. எந்த வீட்டு மொறையில தப்பு நடந்தாலும், தண்ணி வந்து ஊரே மீன் பிரிக்கிறப்போ அந்த வீட்டுக்குப் பங்கு கிடையாது. அன்னிக்கு அந்த அம்மா வீட்டு மொறை.

நான் விட்டேனா? பேசிப் பேசியே கவுத்தேன். மீனுக்குக் காயம் ஆகக்கூடாதுன்னு கொக்கி முள்ளைக் குறடால நசுக்கி வெச்சிருக்கிறதைக் காட்டினேன். “ஒரு மீனுகூட எடுத்துக்கினு போக மாட்டேம்மா. உங்க கண்ணு எதிர்லயே விட்டுடறேன்”னு சத்தியம் பண்ணாத குறை. முதல் மீனைப் பிடிச்சு, தடவிக் கொடுத்துத் தண்ணியில விட்டேன். துள்ளிக்கினு ஓடிச்சு. அந்த அம்மா சிரிச்சுட்டாங்க. “சரி, விட்டுடுவீங்க இல்ல?”ன்னு கேட்டுட்டுப் போய் உட்கார்ந்துட்டாங்க.

ஒண்ணு சொல்லணும். நான் பார்த்த வீடியோவுலயே தெளிவாச் சொல்லியிருந்தாங்க. கோடையில தண்ணி சூடாயிட்டா அதுல மீனுக்கு மூச்சு பத்தாது. அப்போ பிடிச்சா, விட்டாலும் பொழைக்காது. தண்ணியைத் தொட்டுப் பாரு, சூடா இருந்தா மூட்டையைக் கட்டிக்கினு வீட்டுக்குப் போன்னு. நான் பார்த்தேன். கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டுத்தான் பார்த்தேன். ஜில்லுன்னுதான் இருந்துச்சு. அப்புறம் என்ன, பதினோரு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் பதினோரு கெண்டை. ஒவ்வொண்ணும் முழங்கை நீளம். ஒவ்வொண்ணையும் தூக்கிப் பிடிச்சு, இந்தப் பக்கம் ஒரு போட்டோ, அந்தப் பக்கம் ஒரு போட்டோ. வீட்டுக்கு வந்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். பார்த்தவன் எல்லாம் கும்பிடு போட்டான்.

மறுநாள் பட்டறை லீவு. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? உச்சி வேளைக்குத் திரும்பப் போனேன்.

கரையில ஊர்க்காரங்க ஏழெட்டு பேர் நின்னுக்கினு சத்தம் போடறாங்க. நடுவுல அந்த அம்மா, தலையைக் குனிஞ்சு நிக்கறாங்க. தண்ணி மேல வெள்ளை வெள்ளையா வயித்தைக் காட்டிக்கினு மீனுங்க மிதக்குது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! “மீனைக் கொன்னு அள்ளறதுக்கு எவன்யா ப்ளீச்சிங் பவுடர் கொட்டினது? நீங்கல்லாம் மனுஷங்களா? நேத்து நான் பிடிச்ச மீனைக்கூட விட்டுட்டுப் போனேன். காவல் காக்கற லட்சணமா இது?”ன்னு அந்த அம்மாவைப் பார்த்தே கத்தினேன். ஆமா, அவங்களைப் பார்த்துத்தான் கத்தினேன்.

அவங்க தண்ணியில எறங்கி, செத்த மீனு ஒண்ணை எடுத்துக்கினு வந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க.

“மருந்து போட்டிருந்தா தவளை, குஞ்சு எல்லாம் சேர்ந்தில்ல செத்திருக்கும்? குஞ்சு ஓடுது பாரு. பெருசு மட்டும் செத்துக் கீது. பதினொண்ணு. எல்லாத்துக்கும் ஒதட்டுல ஓட்டை. இது இன்னாய்யா?”

அப்பவும் என் திமிரு விடுதா? “தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சே, நான் கைவெச்சுப் பார்த்தேனே”ன்னேன்.

அவங்க என் கையைப் பார்த்தாங்க. ஊதாவும் அரக்குமா கறை ஏறின கை. ஆவி பறக்கற சாயத்தண்ணியில இருபது வருஷமா பட்டு நூலை அலசி அலசித் தோல் தடிச்சுப் போன கை. “அந்தக் கைக்கு இன்னா தெரியும்? கொழந்தைக்குத் தண்ணி ஊத்தறப்போ பார்ப்பாங்களே, அந்த மாதிரி முழங்கையை வெச்சுப் பாரு”ன்னாங்க.

குனிஞ்சு முழங்கையை வெச்சேன். பச்சைக் கொழந்தைக்குக் காய்ச்சி வெளாவி வெச்ச தண்ணி கணக்கா, வெதுவெதுன்னு இருந்துச்சு.

அப்போதான் எனக்கு உறைச்சது. அடுப்புல இருக்கற தண்ணிக்குச் சூடு சொல்லத் தெரிஞ்ச கை, ஆத்துத் தண்ணிக்குப் பொய் சொல்லியிருக்கு. அந்த மூச்சில்லாத தண்ணியில இழுத்து, வெளியில தூக்கிப் பல்லைக் காட்டி போட்டோ எடுத்து, குத்துயிரா விட்டிருக்கேன். துள்ளி ஓடினது சந்தோஷத்துலன்னு நினைச்சிருக்கேன். தூ!

“தின்னறதுக்குக் கொன்னிருந்தாக்கூட மனசு ஆறும்யா. வெளையாடறதுக்குக் கொன்னியே”ன்னாங்க அந்த அம்மா.

கூட்டத்தைப் பார்த்து, “தப்பு என்னுதுதான், அந்த அம்மா மேல ஒண்ணும் இல்லை, என்னை இன்னா வேணா பண்ணுங்க”ன்னு சொன்னேன். கேட்டாங்களா? “நீ வெளியாளு. உன்னைக் கேக்க எங்களுக்கு இன்னா இருக்குது? மொறையில இருந்தது யாரு?”ன்னுட்டாங்க. நான் கெஞ்சினேன், அப்புறம் ஊர்க்காரங்களோடயும் சண்டை போட்டேன். ஒண்ணும் நடக்கலை. தப்புப் பண்ணினவன் வண்டியேறி ஊருக்கு வந்துட்டேன். நம்பினவங்க அங்கயே நின்னாங்க.

ஐப்பசியில தண்ணி வந்துச்சு. ஊர்ல மீன் பிரிக்கிற நாளை விசாரிச்சுக்கினு, ஆரணி மார்க்கெட்டுல நல்ல கெண்டையா பார்த்து வாங்கிக்கினு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் மீன் கொழம்பு வாசனை. அவங்க வீட்டுல ரசம் கொதிச்சுக்கினு இருந்துச்சு. பையை நீட்டினேன். வாங்கலை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தாத் தேவலை.

“மீனுக்காகவாய்யா நான் காவல் இருந்தேன்? ஊர்ல என்னை நம்பி மடுவை விட்டாங்க. இனிமே மொறைக்கு எங்க வீட்டைக் கூப்பிட மாட்டாங்களாம்”னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

நல்லவன்னு பேர் எடுக்கற என்னோட ஆசைக்கு ஒரு பொம்பளை ஊர் முன்னாடி தலை குனிஞ்சாங்களே, அந்தக் கோவம் எனக்கு என் மேல இன்னும் ஆறலை, ஆறவும் வேணாம்.